அடமானம் வைக்கச் சொத்து இல்லாதவருக்கு

நண்பரே, காசிமேட்டில் மீன்பாடி வண்டியில் ஐஸ் விற்கிறீர்கள், சொந்தமாக ஐஸ் கம்பெனி போட 40 லட்சம் வேண்டும், சொத்து இல்லாததால் வங்கி கைவிரித்தது என்கிறீர்கள்.

2000-இல் மத்திய அரசும் சிட்பி என்ற சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் சேர்ந்து தொடங்கிய கடன் உத்தரவாத நிதி இதற்காகத்தான் இருக்கிறது. அதன்கீழ் வங்கி அடமானம் இல்லாமல் கடன் தரலாம். தவறினால் வங்கியின் நஷ்டத்தில் பெரும்பங்கை நிதி ஏற்கும். உங்கள் கடன் தீர்ந்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டிகிரியோ ஐடிஐயோ இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில், புதுத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டம் கேளுங்கள். 25% மானியம் உண்டு.

ஆனால் முதலில் கணக்கு. ராயபுரத்தில் என் மைத்துனர் விடியற்காலை வியாபாரத்தைச் சிகரெட் அட்டையில் எழுதிவைத்தார். மேனேஜர் சிரித்தே அனுப்பிவிட்டார். ஆறு மாதம் எல்லாம் ஜிபேயில் வாங்கி, ஒரே கணக்கில் போட்ட பிறகுதான் உட்காரச் சொன்னார்கள்.