பிழைப்புக்கு ஒன்று, ஆசைக்கு ஒன்று

கேள்வி: என் தம்பி கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்டு, மாதத்துக்கு ஒரு வகை மாற்றுகிறான். நான் விண்டோஸ் 10-ஐ விட்டு அசையவில்லை. யார் செய்வது சரி?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பிழைப்புக்கு ஒன்று, ஆசைக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் சண்டையே இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் என் டிடிபி கடைக் கணினியில் இன்னும் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் அத்தனையும் அதில், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. முகூர்த்த மாதத்தில் எவனாவது அதில் கைவைத்தால் கையை ஒடிப்பேன். வீட்டு மடிக்கணினி வேறு கதை: டெபியன், ஃபெடோரா, மின்ட் என்று லினக்ஸ் வகைகள் எல்லாம் வந்து போயின. எது வந்தாலும் முதலில் தமிழ்99 விசைப்பலகையைத்தான் தேடுவேன்.

ஒரு விஷயம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும், பழைய கணினிகள் பலவற்றில் அது கிடையாது. ஆகவே தம்பியின் பித்து இப்போது உங்களுக்குத்தான் லாபம். மின்டைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கித் தரச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே வைஃபை, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். குடும்பப் படங்கள் உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.