ஜாவா சர்வரில் மெமரி ஏறிக்கொண்டே போகிறது: கேஷா, லீக்கா?

ஜாவா சர்வரின் மெமரி ரீஸ்டார்ட் செய்ததும் இறங்குகிறது, சில நாளில் மறுபடி உச்சிக்குப் போகிறது என்றால், அது கேஷா (மீண்டும் பயன்படுத்தச் சேமித்து வைத்த தரவு), லீக்கா (விடுவிக்கப்படாமல் தேங்கும் மெமரி) என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் லினக்ஸின் டாப் கட்டளை காட்டும் எண்ணை விட்டுவிடுங்கள். ஒருமுறை வாங்கிய மெமரியை ஜேவிஎம் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருள்) லேசில் திருப்பித் தராது. ஃபுல் ஜிசி (பயன்படாத ஆப்ஜெக்ட்களை முழுவதுமாகத் துப்புரவு செய்வது) முடிந்த கையோடு ஹீப்பில் (ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரிப் பகுதி) எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ஜிசி லாகிலிருந்து வரிசையாக எடுங்கள். (ஜி1 என்ற ஜிசி வகை என்றால் ஃபுல் ஜிசி அபூர்வம், மிக்ஸ்டு கலெக்‌ஷனுக்குப் பிந்தைய அளவு போதும்.) ஏறி ஓரிடத்தில் நின்றால் அநேகமாக அது நிரம்பிய கேஷ். நிற்காமல் ஏறினால், எல்லையே இல்லாத ஏதோ ஒன்று ஆப்ஜெக்ட்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

அடுத்து ஹீப் டம்ப், அதாவது ஹீப்பின் நகலைக் கோப்பாக எடுப்பது. எடுக்கும்போது சர்வர் சில நொடிகளாவது உறைந்து நிற்கும்; லோட் பேலன்சரிலிருந்து (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிடுவது) ஒரு நோடைக் கழற்றிவிட்டு எடுங்கள். ஹிஸ்டோகிராமின் (எந்த கிளாஸ் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற பட்டியல்) உச்சியில் பெரும்பாலும் பைட் அரேதான் இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எக்லிப்ஸ் மேட் கருவியில் டாமினேட்டர் ட்ரீயைத் (எந்த ஆப்ஜெக்ட் எவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற மரம்) திறந்து, ரிட்டெய்ன்ட் ஹீப் (அந்த ஆப்ஜெக்ட் போனால் விடுபடும் மெமரி) அளவில் வரிசைப்படுத்துங்கள். எந்த மேப் எவ்வளவைக் கட்டி வைத்திருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

பலரும் தேடாத இடம் ஒன்று உண்டு: நீங்கள் எழுதாத கேஷ். ஹைபர்னேட்டின் (ஜாவாவிலிருந்து தரவுத்தளத்தை அணுகும் நூலகம்) குவெரி பிளான் கேஷ், அதாவது குவெரியை அலசி வைத்த முடிவுகளின் கேஷ், இயல்பாகவே 2048 பிளான்கள் வரை வைத்துக்கொள்ளும். குவெரியின் 'இன்' பட்டியலில் ஒருமுறை 37 ஐடி, மறுமுறை 412 ஐடி என்று அனுப்பினால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் தனி பிளான். எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தும் மெமரிக்கு வரம்பு இல்லை, ஏனென்றால் பட்டியல் நீள நீள அதற்கான பிளானும் பெரிதாகும். 'இன் கிளாஸ் பாராமீட்டர் பேடிங்' அமைப்பை இயக்கினால் பட்டியல் நீளம் 2-இன் அடுக்குகளுக்கு உயர்த்தப்படும். பிளான்களின் வகை வெகுவாகக் குறையும்.

சொந்தக் கேஷ்தான் காரணம் என்றால், சாஃப்ட் ரெஃபரன்ஸ் (மெமரி குறையும்போது ஜிசி விடுவிக்கக்கூடிய பிடிப்பு) பக்கம் போகாதீர்கள். ஹீப் நெருக்கடிக்கு வரும்வரை அது விடாது, அதற்குள் ஜிசி திணறத் தொடங்கிவிடும். கஃபைன் போன்ற கேஷ் நூலகத்தில் அதிகபட்ச அளவைக் கட்டாயம் வையுங்கள். காலாவதி நேரம் மட்டும் வைத்தால் போதாது, அந்த நேரத்துக்குள் எத்தனை கீ வேண்டுமானாலும் குவியலாம். கூடவே புள்ளிவிவரத்தையும் இயக்கி ஹிட் ரேட் (கேட்டது கேஷிலேயே கிடைக்கும் விகிதம்) பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கீ கிளாஸில் ஈக்வல்ஸ், ஹாஷ்கோட் (இரு கீகள் ஒன்றுதானா என்று கண்டறிய உதவும் மெத்தட்கள்) இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரே கீ ஒவ்வொரு முறையும் புதிய என்ட்ரியாகவே உள்ளே போகும்.