வாசகர் கேள்வி – பதில்: நால்வர் மட்டும் லடாக் போவதா?

கேள்வி: கல்லூரி விடுதியில் ஒரே தளத்தில் தங்கியிருந்த நாங்கள் ஐவரும், படிப்பு முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஆண்டுக்கு ஒரு முறை மலையேற்றம் அல்லது மோட்டார் சைக்கிள் பயணம் என்று சேர்ந்து போய்வருகிறோம். இந்த ஆண்டு லடாக் என்று பேச்சு. ஐவரில் ஒருவருக்குச் சென்ற ஆண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். “நீங்கள் போய்வாருங்கள், நான் போட்டோ பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார் அவர். மற்ற மூவரும் டிக்கெட் எடுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
— 46 வயது வாசகர், அம்பத்தூர்

பதில்: டிக்கெட் எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

முதலில் உடல்நிலை. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் இனி மலைப்பக்கமே போகக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. எவ்வளவு உயரம் போகலாம், எவ்வளவு சிரமம் தாங்கும் என்பதை அவருடைய இதய மருத்துவர் டிரெட்மில் போன்ற பரிசோதனைகளைப் பார்த்துவிட்டுச் சொல்வார். ஆனால் லடாக்கின் உயரம் வேறு. லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். கடற்கரை ஊரில் வாழும் நாம், நல்ல உடல்நிலையில் இருந்தாலும், விமானத்தில் லேயில் இறங்கினால் இரண்டு நாளாவது ஓய்வெடுத்த பிறகே மேலே போக வேண்டும். எப்போது போவதானாலும், உங்கள் நால்வரின் இதயத்தையும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியின் கனம் உடல்நிலையில் மட்டும் இல்லை. சென்னையில் நாற்பதைக் கடந்த ஆண்கள் அம்பத்தூரில் ஒருவர், சோழிங்கநல்லூரில் ஒருவர் என்று ஒரே ஊரில் இருந்துகொண்டே மாதக்கணக்கில் பார்த்துக்கொள்வதில்லை. பார்க்கும் இடம் கல்யாண வரவேற்பாக இருந்தால், பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் மெட்ரோ வேலையால் ஆகும் நெரிசலையும் பேசிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அதே மனிதர், இரண்டு மணி நேரம் ஏறிய களைப்பில் ஒரு பாறையில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, யாரும் கேட்காமலே, அப்பாவுக்குத் தன் பெயர் மறந்துபோய்விட்டது என்று சொல்வார். மற்றவர்கள் ஆறுதல் சொல்லக்கூடத் தெரியாமல் ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்துவார்கள். அவருக்கு அது போதும். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் பாராமலே நட்புக் கொண்டார்கள் என்று பெருமையோடு சொல்கிறோம். அது அரிதினும் அரிது என்பதால்தான் இத்தனை நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நம்மைப் போன்றவர்களுக்குச் சேர்ந்து நடக்கும் நான்கு நாட்கள் தேவைப்படுகின்றன.

அந்த நான்கு நாட்களை இந்த ஆண்டு அவர் இல்லாமல் கழித்தால், கணவாயின் பெயர்ப்பலகைக்குக் கீழே நால்வரும் நிற்கும் படம் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். அவரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அடுத்த ஆண்டு அவரைக் கேட்காமலே திட்டம் போடுவது இயல்பாகிவிடும். ஆகவே, ஐவரில் யாரால் குறைவாக முடியுமோ அவருக்கேற்ற பாதையைத் தேர்ந்தெடுங்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். மோட்டார் சைக்கிள்தான் வேண்டுமென்றால், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை இருக்கிறது. மருத்துவர் அனுமதித்தால், ஸ்டென்ட் வைத்த நண்பர் உங்கள் வண்டிகளுக்குப் பின்னால் காரில், சாமான்களோடு, யாராவது ஒருவர் துணையிருக்க வரலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆண்கள் பணக்கஷ்டத்தை உடல்நிலையின் பின்னால் மறைத்துவிடுவது உண்டு. மருத்துவமனைச் செலவு முடிந்த கையோடு லடாக் செலவு அவருக்குத் தாங்காமல் இருக்கலாம். இதற்காகவே ஐவரும் மாதம் ஒரு சிறு தொகையைச் சீட்டுப் போல ஒதுக்கி வாருங்கள். குறைவாகச் சம்பாதிப்பவரால் எவ்வளவு முடியுமோ அதுவே எல்லோருக்கும் தொகையாக இருக்கட்டும். இதையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பாக வைக்காதீர்கள். மருத்துவர் அவரை நடக்கச் சொல்லியிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நடக்கும் பூங்காவுக்கே போய், உடன் நடந்தபடி பேசுங்கள்.

கேள்வி: என் கணவர் ஆண்டுதோறும் நண்பர்களோடு காடு, மலை என்று கிளம்பிவிடுகிறார். குடும்பத்தையும் அழைத்துப் போகலாமே என்றால் பதில் இல்லை. நான் கேட்பது தவறா?
— வாசகி, மடிப்பாக்கம்

பதில்: தவறே இல்லை. நண்பர்களோடு போவதும் குடும்பத்தோடு போவதும் வெவ்வேறு தேவைகள். ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை. ஆனால் அவர் மலையில் இருக்கும் நாட்களில் மாமியாரின் மாத்திரையையும் பிள்ளைகளின் டியூஷனையும் நீங்கள் ஒருவரே பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், உங்கள் தோழிகளோடு நீங்கள் போய்வர அதே அளவு நாட்களை அவர் ஏற்றுக்கொண்டாக வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பிலும் கறாராக இருங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், சென்னையிலிருந்து போனவர்களும் இருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் வனத்துறை மூடிய பாதைக்கு யார் அழைத்தாலும் அவர் போகக் கூடாது. கிளம்பும் முன்பே பாதையின் பெயர், வழிகாட்டியின் கைப்பேசி எண், உடன் செல்பவர்களின் வீட்டு எண்கள், இறங்கி வரும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். பல பாதைகளில் சிக்னல் கிடைக்காது என்பதால், எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் நீங்கள் விசாரிக்கத் தொடங்க வேண்டும் என்பதையும் அதே தாளில் அவர் கையாலேயே எழுதிவிட்டுப் போகட்டும்.