வலப்பக்கம் ஓடுவதை விடுங்கள், தம்பி

மட்டக்களப்பு மாவட்டத்துக் காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி சைக்கிளில் வேலைக்குப் போவதாகவும், எதிரே வருவது தெரியட்டும் என்று வலப்பக்கம் ஓடினால் எல்லோரும் ஏசுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பயம் விளங்குகிறது, ஆனால் அதை இன்றே விடுங்கள் தம்பி. ஒழுங்கையிலிருந்து ஏ4 பிரதான வீதிக்கு ஏறுகிற ஓட்டோக்காரர் தன் வலப்பக்கம்தான் பார்ப்பார். இடப்பக்கமிருந்து நீங்கள் வருவதை அவர் எதிர்பார்க்கவே மாட்டார்.

இடப்பக்கம் ஓடுங்கள். அதற்காக ஓரத்தோடு ஒட்டவும் வேண்டாம். நடுவில் பேரீச்சமரங்கள் நிற்கிற காத்தான்குடிக் கடைத்தெருவில், நிறுத்திய வாகனங்களிலிருந்து ஒரு கதவு திறக்கிற அளவு தள்ளியே போங்கள். போன வருடம் ஒரு காரின் கதவு திறந்து என் ஹேண்டிலில் அடித்தது. நான் விழுந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி பஸ் சக்கரம் நின்றது. அந்த டயர் மணம் இன்னும் மறக்கவில்லை.

வலப்பக்கம் திரும்புவதென்றால் முதலில் பின்னால் பாருங்கள், அப்புறம் கையை நீட்டுங்கள், அதன் பிறகுதான் நடுவுக்கு வாருங்கள். கை நீட்டிய கையோடு வெட்டினால் டிரைவர்கள் கோபப்படுவது நியாயம்தான். நெரிசல் என்றால் இறங்கி உருட்டுங்கள்.

மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பின் மட்காட்டில் சிவப்பு லைட் இல்லையென்றால் இன்றைக்கே வாங்கிப் பூட்டுங்கள்.