உயரம்தான் தண்ணீரின் கைமுதல்: குழாய், வாய்க்கால் நீர்க்கணக்கு – கேள்வி பதில்

கேள்வி: சார், மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் ஷவருக்கும் 3 மீட்டர் உயர வித்தியாசம். அரை இன்ச் குழாய் 20 மீட்டர் சுற்றி வருகிறது. ஷவரில் நூல் மாதிரிதான் விழுகிறது. பெரிய தொட்டி வைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தொட்டி 500 லிட்டரோ 5,000 லிட்டரோ, நீர்மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் அழுத்தம். மீட்டருக்கு ஏறக்குறைய 0.1 பார் (அழுத்தத்தின் அலகு) என்றால் உங்கள் கைமுதல் 0.3 பார். அதைக் குழாயின் உராய்வு வழியெல்லாம் செலவழித்துக்கொண்டே வருகிறது.

குழாயில் ஓடும் நீரைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில், வழவழப்பான பிவிசி குழாய்க்கு வழவழப்பு எண் 150 என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். உள்விட்டம் 15 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 14 லிட்டர், 20 மி.மீ. என்றால் 30, 25 மி.மீ. என்றால் 55. விட்டம் 2.63 அடுக்கில் ஏறுவதால்தான் இந்தத் தாவல். எல்போக்களுக்காக (குழாய் திரும்பும் வளைவுகளுக்காக) கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

குழாயை மாற்றும் முன் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு 15 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். ஒன்றேகால் நிமிடத்துக்குள் நிறைந்தால் குழாய் நன்றாக இருக்கிறது, ஷவர் தலைதான் அடைக்கிறது. மூன்று நிமிடம் ஆனால் வழியில் எங்கோ அடைப்பு. பாதி திறந்த கேட் வால்வோ, படிந்த உப்போ இருக்கும். செலவில்லாத சோதனை, தயவுசெய்து இதை முதலில் செய்யுங்கள்.

கேள்வி: தோட்டத்துக்கு 30 செ.மீ. அகலத்தில் சிமென்ட் வாய்க்கால் கட்டியிருக்கிறேன். 500 மீட்டருக்கு 1 மீட்டர் வாட்டம். 15 செ.மீ. ஆழத்தில் ஓடினால் எவ்வளவு வரும்?

பதில்: இங்கே அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889இல் முன்வைத்த சூத்திரம் போதும். நீரின் குறுக்குப் பரப்பு 0.045 சதுர மீட்டர். நீர் தொடும் அடியும் இரு பக்கமும் சேர்த்து 0.6 மீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.075. இதன் 2/3 அடுக்கு 0.178. வாட்டம் 0.002, அதன் வர்க்கமூலம் 0.0447. இரண்டையும் பெருக்கி, சிமென்ட் பூச்சின் சொரசொரப்பு எண்ணான 0.015ஆல் வகுத்தால் வேகம் வினாடிக்கு 0.53 மீட்டர். பரப்பால் பெருக்கினால் வினாடிக்கு சுமார் 24 லிட்டர்.

கேள்வி: எங்களுடையது புல் மண்டிய மண் வாய்க்கால். வாட்டத்தை இரண்டு மடங்காக்கினால் நீரும் இரண்டு மடங்காகுமா?

பதில்: 1.4 மடங்குதான், வர்க்கமூலம் அல்லவா! புல் மண்டினால் சொரசொரப்பு எண் 0.03ஐத் தொடும். அதே அளவு வாய்க்காலில் 12 லிட்டர்தான் ஓடும். மண்வெட்டியெடுத்துப் புல்லைச் செதுக்குவதே லாபம். வாட்டத்தைக் கூட்டினால் மணற்பாங்கான மண்ணில் அரிப்பும் சேர்ந்து வரும்.

கேள்வி: கருவி இல்லாமல் வாய்க்கால் நீரை அளக்க முடியுமா?

பதில்: முடியும். நேரான 10 மீட்டரைக் குறித்து, ஒரு எலுமிச்சம்பழத்தை மிதக்க விட்டு நேரம் பாருங்கள். மேல்மட்ட நீர் வேகமாகப் போகும் என்பதால், கிடைத்த வேகத்தை 0.85ஆல் பெருக்கி, அப்புறம் பரப்பால் பெருக்குங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பலகையில் 90 பாகை 'வி' வெட்டு வெட்டிக் குறுக்கே நிறுத்துங்கள். வெட்டின் அடியிலிருந்து நீர் 10 செ.மீ. உயர்ந்தால் வினாடிக்கு 4.4 லிட்டர், 20 செ.மீ. என்றால் 25. உயரத்தைப் பலகைக்குப் பக்கத்தில் அளக்காதீர்கள், அங்கே நீர் வளைந்து தாழ்ந்திருக்கும். நீர் வரும் பக்கமாக ஒரு மீட்டர் பின்னால் போய் அளங்கள்.

கேள்வி: கணக்கு சரி, வாட்டமும் சரி. ஆனாலும் நீண்ட குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறதே?

பதில்: நடுவில் குழாய் மேடேறி இறங்குகிறதா? அந்த உச்சியில் காற்று தங்கியிருக்கும். அங்கே ஒரு காற்று வால்வு வையுங்கள்.