மிஸி அக்கா பதில்கள்: அம்மாவின் கண்ணில் பூ

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு 66 வயது, முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு இப்போது டவுனில் மலிவு வீட்டில் இருக்கிறோம். வலது கண்ணில் பூ (கண்புரை) விழுந்து, தேத்தண்ணியை மங்குக்கு வெளியே ஊற்றுகிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி “முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்று சொல்லி, தினமும் நந்தியாவட்டைச் சாறு விடுகிறார். மாமாவோ, தீபாவளி முடிந்து மதுரைக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார். இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) உண்டு. என்ன செய்யட்டும்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முதலில் அந்தச் சாற்றை இன்றைக்கே நிறுத்துங்கள் தங்கச்சி. பூ விழுந்திருப்பது கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸில், மேலே எதை ஊற்றினாலும் அது கரையாது, ஆனால் சாற்றோடு போகிற கிருமி கருவிழியில் புண் வைத்துவிட்டால் ஆபரேஷனில் திரும்ப வேண்டிய பார்வையும் போய்விடும்.

பாட்டி சொல்வது சும்மா இல்லை, அந்தக் காலத்துக்குச் சரி. அப்போது பெரிதாகக் கீறி லென்ஸை முழுசாக எடுத்துவிட்டு சோடாப்புட்டிக் கண்ணாடியோடு அனுப்புவார்கள், அதனால் ஓரளவு தெரிகிற கண்ணில் கைவைக்க டாக்டர்களே தயங்கினார்கள். இப்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறல், அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சிவிட்டு அதே இடத்தில் செயற்கை லென்ஸ், பெரும்பாலும் அன்றைக்கே வீடு. முத்தினால்தான் இறுகிப்போய் வேலை கஷ்டமாகும். சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி நரம்பே கெட்டுவிடும். என் சித்தி அப்படித்தான் ஒரு கண்ணை விட்டார், நான் மிஸியாக (நர்ஸாக) இருந்தும் என் பேச்சு எடுபடவில்லை.

பூவைவிட எனக்கு அந்த இனிப்பு நீர்தான் கவலை. அதனால் விழித்திரையில் ரத்தக் குழாய் கசிந்தாலும் ஆரம்பத்தில் வலிக்காது, மங்காது, ஒன்றுமே தெரியாது. தெரியவரும்போது பாதி போயிருக்கும். லேசர் சிகிச்சை மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றும், போனதை முழுசாகத் திருப்பித் தராது. அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணின் உட்புறத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள், நம்மவர்களோ கிளினிக்கில் மாத்திரை வாங்கியதும் கிளம்பிவிடுகிறார்கள்.

மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி பெரிய இடம்தான், மறுக்கவில்லை. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது, 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலை வைத்து லென்ஸையும் சொந்தமாகச் செய்து விலையைக் குறைத்தார்கள், ஏழைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் இந்த ஆபரேஷன் ஈப்போவிலேயே நடக்கிறது. கவர்மெண்டு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்து, கண் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். லென்ஸுக்குப் பணம் கட்டச் சொல்லி அது முடியாவிட்டால், ஆஸ்பத்திரியிலேயே மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். வரிசை நீளமாக இருக்கலாம், அதற்காகவே சீக்கிரம் போய்ப் பெயரைக் கொடுத்துவிட வேண்டும்.

அப்புறம் ஒன்று, உள்ளே பார்ப்பதற்காகக் கண் பாப்பாவைப் பெரிதாக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், எல்லாம் மங்கலாகத் தெரியும். அன்றைக்கு அம்மாவை மோட்டாரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவர வேண்டாம். விமான டிக்கெட் பேசும் மாமாவையே ஒருநாள் லீவு போட்டுக் காரை எடுக்கச் சொல்லுங்கள்.