படிக்கிற பிள்ளைகளின் தூக்கம், சாப்பாடு, போன்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

அரையாண்டுத் தேர்வு மார்க் வந்த கையோடு வந்து சேர்ந்த கேள்விகள் இவை. மார்க் குறைந்ததும் பல வீடுகளில் முதலில் கைவைப்பது பிள்ளையின் தூக்கத்திலும் விளையாட்டிலும்தான். அப்படிச் செய்வதால் மார்க் இன்னும் குறையும் என்பதே என் கவலை.

பிளஸ் டூ படிக்கும் மகனை விடியற்காலை நாலரைக்கு எழுப்பிவிடுகிறேன். புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுகிறான். அதிகாலையில் படித்தால்தானே மனதில் நிற்கும், டாக்டர்?
- ஒரு தாய், நாமக்கல்

எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லையே அம்மா. டியூஷன் முடிந்து வந்து, சாப்பிட்டு, படுக்கப் பதினொன்று ஆகிறது என்றால் அவனுக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது.

பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்கே கண் சொருகிய பையன் பதினாறு வயதில் பதினொன்று வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பது இதனால்தான். அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. நாலரை மணி என்பது அவன் உடலுக்கு நடுராத்திரி. ஒன்பதுக்குப் படுத்து நாலுக்கு எழும் தாத்தாவோடு அவனை ஒப்பிடாதீர்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றினார்கள். கிடைத்த நேரத்தைப் பிள்ளைகள் கூடுதலாக விழித்திருந்து தீர்த்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் பயந்தார்கள். அளந்து பார்த்தபோது தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. ஆய்வில் இருந்த உயிரியல் வகுப்புகளின் மார்க்கும் முந்தைய ஆண்டு மாணவர்களைவிட 4.5 சதவீதம் அதிகம். ஒப்பிட்டது வேறு வேறு ஆண்டு மாணவர்களை என்பதால், மார்க் உயர்வு முழுவதையும் தூக்கத்தின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் லாஸ் ஏஞ்சலிஸில் 500க்கும் மேற்பட்ட மாணவர்களைத் தினமும் குறிப்பெழுத வைத்த இன்னொரு ஆய்வும் அதே பக்கம்தான் சாய்கிறது. தூக்கத்தைக் குறைத்துக் கூடுதலாகப் படித்த நாளுக்கு மறுநாள், வகுப்பில் நடத்தியது புரியாமல் போவதும் டெஸ்டில் சொதப்புவதும் அதிகமாக இருந்தன.

பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள், ஆறு மணிக்கு எழுப்புங்கள். அதற்கு இடம் இல்லை என்றால் ஒரு டியூஷனை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், மதியம் வரை வேண்டாம். தானாகவே சீக்கிரம் படுத்து, தானாகவே அதிகாலையில் எழுகிற பிள்ளை என்றால் அது வேறு, அப்படியே விட்டுவிடலாம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மதியத்துக்கு மேல் தலைசுற்றல். பாடம் மண்டையில் ஏறவில்லை என்கிறாள். காலை 7 மணிக்கு வேன் வந்துவிடும். ஒரு டம்ளர் டீயோடு ஓடுகிறாள்.
- ஒரு தந்தை, திருவாரூர்

முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு அது இருக்கிறது. "படிப்பில் கவனம் இல்லை" என்று திட்டு வாங்கும் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் ரத்தம் குறைவு என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது.

ரத்தசோகை வருவதற்கு முன்பே இரும்புச்சத்துக் குறைவு வேலையைக் காட்டிவிடும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், ரத்தசோகை இல்லாமல் இரும்புச்சத்து மட்டும் குறைந்திருந்த பெண்களுக்கு 8 வாரம் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் சோதனையில், மாத்திரை எடுக்காதவர்களைவிட இவர்கள் நன்றாகச் செய்தார்கள்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்பு மாத்திரையை மகள் விழுங்குகிறாளா, தூக்கிப் போடுகிறாளா என்று கேளுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போவது சாதாரணம். சோதனையில் ரத்தசோகை என்று வந்தால் வாரம் ஒரு மாத்திரை போதாது. மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் எடுக்க வேண்டும். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமா என்று அவள் அம்மா கேட்கட்டும்.

டீ, உணவில் உள்ள இரும்பை உடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். முருங்கைக்கீரை, சுண்டல் எதுவானாலும் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கறியும் ஈரலும் சாப்பிடுகிற வீடு என்றால் இன்னும் நல்லது.

காலை உணவு சாப்பிடும் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்த வீடுகளில் வசதியும் கவனிப்பும் கூடுதலாக இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்காகப் பசியோடு கணக்குப் போடச் சொல்ல முடியுமா? அரசின் காலை உணவுத் திட்டமும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அவித்த முட்டை, வாழைப்பழம், இரண்டு இட்லி எதையாவது டப்பாவில் கொடுத்து அனுப்புங்கள். வேனில் சாப்பிடட்டும்.

தேர்வு நேரத்தில் ராத்திரி முழித்திருக்க எனர்ஜி டிரிங்க் குடிக்கிறேன். தப்பா, டாக்டர்?
- பிளஸ் ஒன் மாணவர், ஓசூர்

பாட்டிலைத் திருப்பிப் பார், தம்பி. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ராத்திரி பத்துக்குக் குடித்தால் அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி, மூன்று மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். படித்தது மூளையில் பதிவதே தூக்கத்தில்தான். அந்தத் தூக்கத்தையே விரட்டிவிட்டுப் படித்து என்ன பயன்?

படிக்கும் முறையையும் மாற்றிப் பார். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதி எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். மாலையிலேயே புத்தகத்தை மூடி வைத்து எழுதிப் பார்த்துவிட்டு, நேரத்தோடு தூங்கு.

பிளஸ் டூ வந்தாச்சு, கபடியை நிறுத்தச் சொல்லட்டுமா?
- ஒரு தந்தை, ஒட்டன்சத்திரம்

வேண்டாம். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி 60 நிமிடம் உடல் நன்றாக உழைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளும் பள்ளி என்றால் மாலைக் கபடிதான் அவனுக்கு மிச்சம்.

வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. போனை எப்படிப் பிடுங்குவது?
- ஒரு தாய், ஆவடி

பிடுங்க வேண்டாம். வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்டதும் போன் வேறு அறைக்குப் போகட்டும். ராத்திரி சார்ஜர் ஹாலில் இருக்கட்டும், உங்கள் போனும் அங்கேயே. நீங்கள் படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பிள்ளையைத் தூங்கச் சொன்னால் எடுபடாது.

ஞாபக சக்தி டானிக் ஒன்று சொல்லுங்களேன்.
- பலர்

அப்படி எதையும் நான் எழுதிக் கொடுப்பதில்லை. வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுங்கள், தவறில்லை. டானிக் காசுக்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்குங்கள்.

எப்போதும் முதல் ரேங்க் எடுத்த மகள் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, அறையைவிட்டு வருவதில்லை. போன் பழக்கம்தான் காரணமா?
- ஒரு தாய், காரைக்குடி

போனை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் மனச்சோர்வா என்று பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எந்த நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். சாவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அதுவரை அவளிடம் பேசும்போது மார்க்கைப் பற்றிக் கேட்காதீர்கள்.